சென்னை பேரிடர் பிளான புதுப்பிக்கிறது பத்தி எல்லாரும் கேக்குற கேள்விகள்

செப்டம்பர் வந்துட்டா போதும், எங்க குடியிருப்போர் சங்கத்துல இதே கேள்விங்க தான் சுத்தி சுத்தி வரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, அதனால மொத்தமா எழுதி வெச்சுட்டேன். நான் அதிகாரி இல்ல, வக்கீலும் இல்ல. தென்சென்னையில குடியிருந்துட்டு இந்த பிளான உட்கார்ந்து படிக்கிற ஆளு, அவ்வளவு தான்.

இந்த பேரிடர் பிளான்னா என்ன? அதை யாரு போடுறாங்க?

2004 சுனாமிக்கு அப்புறம் வந்தது தான் 2005 பேரிடர் மேலாண்மை சட்டம். தேசிய அளவுல பிரதமர் தலைமையில ஒரு ஆணையம், மாநிலத்துல முதல்வர் தலைமையில ஒண்ணு, மாவட்டத்துல கலெக்டர் தலைமையில ஒண்ணு. மாவட்ட ஆணையம் ஒரு பிளான் போடணும். எந்த இடத்துக்கு எந்த ஆபத்து, அதை முன்கூட்டியே குறைக்க என்ன பண்றது, வந்துட்டா எந்த டிபார்ட்மென்ட் என்ன செய்யணும், எல்லாம் அதுல இருக்கணும். இது போக கார்ப்பரேஷன், மெட்ரோ வாட்டர், மின்வாரியம்னு ஒவ்வொருத்தரும் தங்களுக்குன்னு தனியா ஒண்ணு போடணும்னும் சட்டம் சொல்லுது.

சென்னையில ஒரு சௌகரியம் இருக்கு. 2011-ல கார்ப்பரேஷன 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426-ஆ பெருசாக்கினாங்க, 200 வார்டு, 15 மண்டலம். 2018-ல மாவட்ட எல்லையையும் அதே 426-க்கு கொண்டு வந்துட்டாங்க. அதனால மாவட்ட பிளானும் மாநகர பிளானும் ஒரே நிலத்த பத்தி தான் பேசுது. ஆனா அந்த எல்லையே ஒரு தலைவலி, அத கீழ சொல்றேன்.

எத்தன வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும்?

மாவட்ட பிளான வருஷா வருஷம் பாத்து திருத்தணும்னு சட்டத்துலயே இருக்கு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவன்னு சிலர் சொல்றாங்க, அது நம்ம சட்டம் இல்ல, அமெரிக்காவுல இருக்கிற ஏற்பாடு.

அப்படின்னா வருஷா வருஷம் பண்றாங்களா?

பண்றாங்க. எப்படி பண்றாங்கங்கிறது தான் விஷயம். அட்டைல வருஷம் மாறும், முன்னுரையில புது ஆபீசர் பேரு வரும், பின்னாடி போன் நம்பர் பட்டியல் மாறும். போன் நம்பர் மாறுறதும் முக்கியம் தான், ராத்திரி ரெண்டு மணிக்கு டிரான்ஸ்ஃபர் ஆகிப்போன ஆளுக்கு போன் போட்டு என்ன பிரயோஜனம். ஆனா நடுவுல இருக்கிற மேப்பும் தாழ்வான இடங்களோட பட்டியலும் போன மழைக்கு ஏத்த மாதிரி மாறலன்னா அதை அப்டேட்னு சொல்ல மாட்டேன். ஜெராக்ஸ்னு தான் சொல்லணும்.

நான் ஒரு பிளான கையில வாங்கினா மூணு விஷயம் தான் மொதல்ல பாப்பேன். போன வருஷம் தண்ணி நின்ன இடமும் பட்டியல்ல இருக்கிற இடமும் ஒத்துப்போகுதா. ஒவ்வொரு வேலைக்கும் எதிர்ல "சம்பந்தப்பட்ட துறை"ன்னு போட்டிருக்கா, இல்ல உதவி பொறியாளர், மண்டல அலுவலர்னு பதவிய குறிப்பிட்டிருக்கா. போன பிளான்ல "செய்யப்படும்"னு இருந்தது இந்த பிளான்ல "செய்யப்பட்டது"ன்னு மாறியிருக்கா, இல்ல அதே "செய்யப்படும்" அப்படியே உக்காந்திருக்கா. இந்த கடைசி ஒண்ண பாத்தா போதும்ங்க, மிச்சத்த யூகிச்சுக்கலாம்.

தாழ்வான இடங்கள் பட்டியல்ங்கிறீங்களே, அது எப்படி இருக்கும்?

தமிழ்நாட்டுல தண்ணி எவ்வளவு உயரம் நிக்குதுங்கிறத வெச்சு நாலா பிரிக்கிறாங்க. அஞ்சடிக்கு மேல நின்னா மிக அதிக பாதிப்பு, மூணுல இருந்து அஞ்சடி அதிக பாதிப்பு, ரெண்டுல இருந்து மூணடி நடுத்தரம், ரெண்டடிக்கு கீழ குறைவு. கேக்க தெளிவா இருக்கு, இல்லையா. ஆனா ஒன்றரை அடி தண்ணி ஆறு மணி நேரம் நின்னு வடியிற தெருவும், அதே ஒன்றரை அடி சாக்கடையோட கலந்து நாலு நாள் நிக்கிற தெருவும் ஒரே "குறைவு" கட்டத்துல தான் வரும். ரெண்டாவது தெருவுல சம்ப்புக்குள்ள அந்த தண்ணி இறங்கியிருக்கும், லிஃப்ட் குழி நிறைஞ்சிருக்கும், கரண்ட் இருக்காது, அஞ்சாவது மாடியில டயாலிசிஸ் பண்ற பெரியவர் மாட்டிக்கிட்டிருப்பார். உயரத்தோட சேத்து எத்தன மணி நேரம் நின்னுச்சுன்னும் எழுதணும்னு நான் கேட்டுட்டே இருக்கேன்.

சென்னைக்கு என்னென்ன ஆபத்து? வெள்ளம் மட்டும் தானே?

வெள்ளம்னு மட்டும் நெனச்சு பிளான் போட்டா ஏமாந்துருவோம். ஒரு இருபது வருஷத்த திரும்பி பாருங்க. 2004 டிசம்பர் 26 சுனாமி. 2015 டிசம்பர்ல அடையாறு வெள்ளம். அடுத்த வருஷமே, 2016 டிசம்பர் 12, வர்தா புயல், அதுல தண்ணிய விட காத்து தான் அடிச்சு நொறுக்குச்சு, விழாத மரம் கம்மி, பல ஏரியாவுல நாள்கணக்கா கரண்ட் இல்ல. 2019-ல அப்படியே தலைகீழ், ஏரியெல்லாம் வறண்டு ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல குடிதண்ணி வந்துச்சு. 2021 நவம்பர்ல தி.நகர் மாதிரி நடு ஊரே நாள்கணக்கா தண்ணில. 2023 டிசம்பர்ல மிக்ஜாம், புயல் கரைய கடந்தது ஆந்திராவுல பாபட்லா பக்கம், ஆனா மூழ்கினது நாம. அதே மிக்ஜாம்ல மணலி பக்கத்துல இருந்து எண்ணெய் வெள்ளத்தோட கலந்து எண்ணூர் முகத்துவாரம் பூரா பரவி மீனவங்க வலை, படகு எல்லாம் நாசமாச்சு. அத இயற்கை பேரிடர்னு எழுதுறதா தொழிற்சாலை விபத்துன்னு எழுதுறதா? ரெண்டும் ஒண்ணா வரும்னு ஒரு பக்கம் எழுதி, வடசென்னைக்குன்னு தனியா சேக்கணும்.

அதாவது ஒவ்வொரு தடவையும் வேற ஒண்ணு வருது, நாம போன தடவை வந்ததுக்கு தயாராகிட்டு இருக்கோம்.

2015-ல செம்பரம்பாக்கம் ஏரிய திறந்தது தானே வெள்ளத்துக்கு காரணம்? அதுக்கும் பிளானுக்கும் என்ன சம்பந்தம்?

முக்கிய காரணங்கள்ல அது ஒண்ணு. டிசம்பர் 1-ம் தேதி தாம்பரத்துல மட்டும் ஒரே நாள்ல 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்துல இருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரைக்கும் திறந்தாங்க. 2018-ல சட்டசபையில வெச்ச சிஏஜி (அரசு கணக்க தணிக்கை பண்றவங்க) அறிக்கை இத மனுஷன் உண்டாக்கின பேரழிவுன்னே சொல்லுச்சு. ஆனா அடையாத்துக்கு வந்த தண்ணி அந்த ஒரு ஏரியில இருந்து மட்டும் வரல, ஆதனூர், மணிமங்கலம் அந்தப்பக்கம் இருக்கிற ஏரிங்க வரிசையா நிரம்பி வழிஞ்சு அதுவும் சேந்து வந்துச்சு. இதெல்லாம் சென்னை மாவட்டத்துக்கு வெளிய. செம்பரம்பாக்கம் காஞ்சிபுரம் மாவட்டம், பூண்டி ஏரியும் செங்குன்றம் ஏரியும் திருவள்ளூர் மாவட்டம்.

எல்லை தலைவலின்னு சொன்னேனே, இது தான். பிளான் 426 சதுர கிலோமீட்டரோட முடிஞ்சிடுது, தண்ணிக்கு அந்த கோடு தெரியாது. ஏரிய திறக்கிற முடிவு நீர்வளத்துறையோடது, கீழ கோட்டூர்புரத்துல, சைதாப்பேட்டையில வீட்ட காலி பண்ண சொல்லவேண்டியது வேற ஆளு. புதுப்பிக்கும்போது நான் கேக்குறது ஒரே ஒரு பக்கம்: ஏரியில இத்தன கன அடி திறந்தா எத்தன மணி நேரத்துல எந்த பாலத்துக்கு எவ்வளவு உயரம் வரும், அப்போ எந்தெந்த தெருவ எழுப்பணும். "கரையோர மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்"னு டிவில ஓடுறது யாருக்குங்க புரியுது, 5,000 கன அடின்னா என் வீட்டு வாசல்ல எவ்வளவுன்னு சொன்னா தானே மூட்டைய கட்டலாமா வேணாமான்னு முடிவு பண்ண முடியும்.

வேளச்சேரி, மடிப்பாக்கம் ஏன் வருஷா வருஷம் மாட்டுது?

தென்சென்னையில இருக்கிற பல ஏரிங்களோட உபரி தண்ணி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு தான் வரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவுங்கிற வாய்க்கால், அப்புறம் பக்கிங்காம் கால்வாய், அப்புறம் தெக்கால முட்டுக்காடு வழியா கடல். அவ்வளவு பெரிய பரப்போட தண்ணிக்கு வெளிய போற வாய் இத்துனூண்டு. சதுப்பு நிலத்துலயே குப்பைக்கிடங்கு, ரோடு, கட்டடம். 2022-ல ராம்சார் அந்தஸ்து (சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம்ங்கிற அங்கீகாரம்) கிடைச்சது, 1,247 ஹெக்டேர், நல்ல விஷயம் தான், ஆனா அதுக்கு முன்னாடி போனது போனது தான். கடல் ஏத்தத்துல இருக்கிற நேரமா பாத்து மழை கொட்டுச்சுன்னா முகத்துவாரத்துல தண்ணி இறங்காது, பின்னுக்கு தள்ளும். அப்போ நம்ம தெரு வடிகால் புத்தம் புதுசா இருந்தாலும் ஒண்ணும் பண்ணாது.

2024 அக்டோபர்ல ரெட் அலர்ட்னு சொன்னதுமே வேளச்சேரி மேம்பாலத்துல ஜனங்க கார வரிசையா கொண்டுபோய் நிறுத்தினாங்க ஞாபகம் இருக்கா? சிரிச்சவங்க சிரிச்சாங்க. என்ன கேட்டா அன்னைக்கு ஊர்ல இருந்ததுலயே நடைமுறைக்கு ஒத்துவந்த பேரிடர் பிளான் அது தான். அத அதிகாரபூர்வமாவே பிளான்ல எழுதிடலாம், எந்த மேம்பாலத்துல எந்த பக்கம் நிறுத்தலாம், ஆம்புலன்ஸுக்கு எந்த பக்கம் விடணும்னு.

கோடிக்கணக்குல மழைநீர் வடிகால் கட்டியாச்சே, இன்னும் பிளான் எதுக்கு?

வடிகால் வேணும், கட்டினதால பல தெருவுல சீக்கிரம் வடியுது, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கொசஸ்தலையாறு பக்கம் ஆசிய வளர்ச்சி வங்கி கடன்ல, கோவளம் வடிநிலத்துல (அந்தப்பக்கம் தண்ணி வடியிற மொத்த பரப்பு) ஜெர்மன் வங்கி கடன்லன்னு பெரிய வேலைங்க. 2021 வெள்ளத்துக்கு அப்புறம் ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில ஒரு கமிட்டி போட்டாங்க, அவங்களும் அறிக்கை குடுத்தாங்க.

ஆனா எந்த வடிகாலும் ஒரு அளவு மழைக்கு தான் கட்டுவாங்க. வானிலை துறை கணக்குல ஒரு நாள்ல 7-ல இருந்து 11 செ.மீ. கனமழை, 12-ல இருந்து 20 மிக கனமழை, அதுக்கு மேல போனா அதி கனமழை. அதி கனமழைய முழுங்குற வடிகால எந்த ஊராலயும் கட்ட முடியாது. அதுக்கு மேல வர்ற தண்ணி எங்க போகணும், யாரு வீட்டுக்கு போகக்கூடாதுங்கிறத தீர்மானிக்கிறது தான் பிளான். குளம் வெட்டுறது, ஸ்பான்ஞ் பார்க் (மழைத்தண்ணிய உறிஞ்சி வெச்சுக்கிற பூங்கா), கிண்டி ரேஸ் கோர்ஸ்ல தோண்டின குளங்க இதெல்லாம் அந்த கணக்குல வரணும்.

இன்னொண்ணு, ரோடு. பழைய ரோட்ட சுரண்டிட்டு அதே மட்டத்துல தான் புது ரோடு போடணும்னு விதி இருக்கு. அப்படியும் மேல மேல போட்டு போட்டு வாசப்படி ரோட்டுக்கு கீழ போன வீடுங்க எத்தன. அந்த தெருவுல வடிகால் இருந்தா என்ன இல்லாட்டி என்ன.

எங்க தெருவுல தண்ணி நிக்குது, ஆனா பட்டியல்ல பேரு இல்ல. எப்படி சேக்கறது?

மனு குடுக்கணும், ஆனா "எங்கள் பகுதியில் மழைநீர் தேங்குகிறது, ஆவன செய்யவும்"னு குடுத்தா அது ஃபைல்ல தூங்கும். ஆபீசர் அத பிளான்ல அப்படியே தூக்கி வெக்கிற மாதிரி குடுங்க.

மழை பெய்யும்போதே போட்டோ எடுங்க, வீடியோ வேணாம், போட்டோ. அதுல மாறாத ஒரு பொருள் இருக்கணும். மின்வாரிய பில்லர் பாக்ஸ் இருக்குல்ல, தெருமுனையில, அது நல்ல அளவுகோல். தண்ணி அந்த பாக்ஸோட கதவு அடிய தொட்டுச்சான்னு ஒரு போட்டோ போதும், எல்லா ஆபீசருக்கும் அது எவ்வளவு உயரம்னு தெரியும். கிட்ட போய் எடுக்காதீங்க, ஜூம் பண்ணுங்க, தண்ணில நிக்கிற பில்லர் பாக்ஸ தொட்டு உயிர விட்டவங்க இந்த ஊர்ல இருக்காங்க. தேதி, நேரம், வடிஞ்ச நேரம் எழுதிக்கோங்க. மழை விட்டதும் சுவத்துல கறை கோடு நிக்கும், அதுல டேப்ப வெச்சு அளந்து இன்னொரு போட்டோ.

அப்புறம் தெருவுல ஒரு நடை நடங்க. வடிகால் ஓரமா ஜல்லடை போட்ட சின்ன தொட்டி இருக்கும், வண்டல் பிடிக்கிற தொட்டி, எத்தன இருக்கு, எத்தன மண்ணு நிரம்பியிருக்குன்னு எண்ணுங்க. ரோட்டு தண்ணி அதுக்குள்ள இறங்குற ஓட்டை ரோட்ட விட மேல இருக்கா கீழ இருக்கான்னு பாருங்க, சிரிக்காதீங்க, மேல இருக்கிறத நானே பாத்திருக்கேன். பாதியில விட்ட வடிகால், மூடி இல்லாத மேன்ஹோல், பெரிய கட்டுமான பள்ளம் இருந்தா எழுதுங்க. மிக்ஜாம் அன்னைக்கு வேளச்சேரி ஐந்து பர்லாங் ரோட்டுல கட்டுமான பள்ளம் சரிஞ்சு ரெண்டு பேர் போயிட்டாங்க. மழைக்கு முன்னாடி தோண்டி வெச்ச பள்ளங்கள கணக்கெடுக்கணும்னு பிளான்ல வரி இருக்கான்னு பாருங்க.

இத்தனையும் ஒரே ஏ4 தாள்ல. வார்டு உதவி பொறியாளர், கவுன்சிலர், மண்டல ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் நாலு பேருக்கும் காப்பி. கையில ரசீது வாங்குங்க. கார்ப்பரேஷனோட 1913-க்கும் போன் போட்டு புகார் நம்பர் வாங்கி வெச்சுக்கோங்க, அடுத்த மனுவுல அந்த நம்பர குறிப்பிடலாம். ஏரியா சபை (வார்டுக்குள்ள மக்கள் கூடி பேசுற சபை) கூட்டம் நடந்தா போய் தீர்மானமா போட சொல்லுங்க, வாயால சொன்னது காத்தோட போயிடும், மினிட்ஸ்ல ஏறினது நிக்கும்.

பட்டியல்ல வந்தா எங்க ஃபிளாட் விலை குறைஞ்சிடாதா?

இத எல்லார் முன்னாடியும் கேக்க மாட்டாங்க, தனியா வந்து கேப்பாங்க. எங்க பக்கமே சில சங்கங்கள்ல இதுக்காகவே மனுவுல கையெழுத்து போடாம நின்னவங்க உண்டு. விலை கொஞ்சம் அசையலாம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா வாங்க வர்றவன் ஒண்ணும் மழைய பாக்காதவன் இல்ல, 2015 வீடியோ எல்லாம் அவன் போன்லயும் இருக்கு. பட்டியல்ல இருந்தா மோட்டார் முன்கூட்டியே வரும், படகு எங்க நிறுத்தணும்னு முடிவாகும், வேலைக்கு பணம் ஒதுக்குறதுக்கு ஒரு காரணம் கிடைக்கும். பட்டியல்ல இல்லாத தெருவுக்கு இதெல்லாம் கடைசியா தான் வரும், தண்ணி மட்டும் மொதல்ல வந்துடும்.

முகாம், படகு பத்தி பிளான்ல என்ன பாக்கணும்?

முகாம் பெரும்பாலும் கார்ப்பரேஷன் ஸ்கூல், சமுதாயக்கூடம். அந்த ஸ்கூலே தாழ்வான இடத்துல இருக்கான்னு பாருங்க, இருக்கும். ஜெனரேட்டர் மாடியிலயா கீழயா, பெண்களுக்கு கக்கூஸ் எத்தன, சக்கர நாற்காலி ஏறுமா. வெளியூர்ல இருந்து வந்து சைட்லயே தங்கி வேலை செய்யிற கட்டட தொழிலாளிங்க எந்த பட்டியல்லயும் இருக்க மாட்டாங்க, அவங்க எந்த முகாமுக்கு போவாங்கன்னு கேளுங்க.

படகு விஷயத்துல ஒரு உண்மைய ஒத்துக்கணும். 2015-ல தெருவுக்குள்ள மொதல்ல வந்தது பல இடத்துல மீனவங்க தான், சொந்த படகுல, சொந்த டீசல்ல. 2023-லயும் வந்தாங்க. அவங்கள ஆபத்து வந்தப்புறம் கெஞ்சி கூப்பிடாம, எந்த குப்பத்து படகு எந்த ஏரியாவுக்கு, லாரி யாரு தர்றது, டீசலுக்கும் கூலிக்கும் எந்த கணக்குலேந்து பணம், படகு சேதமானா யாரு பொறுப்புன்னு ஆகஸ்ட்லயே ஒப்பந்தமா எழுதணும். நன்றி சொல்லி சால்வை போட்டா போதாது.

வெயிலும் தண்ணி பஞ்சமும் இந்த பிளான்ல வருமா?

வரணும். 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலைய மாநில பேரிடரா அறிவிச்சிருக்கு, இறந்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். சென்னையில 2003 மே 31 அன்னைக்கு 45 டிகிரி வரைக்கும் போயிருக்கு. வெயில் சாவு செய்தியில வராது, மாரடைப்புன்னு எழுதிடுவாங்க. டிராஃபிக் போலீஸ், டெலிவரி பசங்க, தகரக்கூரை வீட்டுல பகல் பூரா இருக்கிற வயசானவங்க, இவங்களுக்கு மே மாசம் என்ன பண்றோம்னு பிளான்ல இல்லன்னா அந்த அறிவிப்பு நிவாரண காசோட நின்னுடும். 2023-ல வந்த சென்னை காலநிலை செயல் திட்டத்துல வெப்பம் பத்தி இருக்கு, அதையும் பேரிடர் பிளானையும் ஒண்ணா வெச்சு படிக்கிற ஆளு தான் ஆபீஸ்ல வேணும்.

பூகம்பம், சுனாமி எல்லாம் நமக்கு எதுக்கு?

2001 செப்டம்பர்ல பாண்டிச்சேரிக்கு அப்பால கடல்ல வந்த 5.5 நிலநடுக்கத்துல இங்கயும் ஆட்டம் தெரிஞ்சுது. 2002-ல சென்னைய நிலநடுக்க வரைபடத்துல ரெண்டாவது மண்டலத்துல இருந்து மூணாவதுக்கு மாத்தினாங்க, அதாவது ஆபத்து ஒரு படி மேல. அதுக்கு முன்னாடி கட்டின அடுக்குமாடி இன்னும் நிறைய நிக்குது, கீழ பூரா பார்க்கிங்குக்காக வெறும் தூண் மட்டும் விட்டு மேல நாலு மாடி. பிளான்ல இதுக்கு அரை பக்கம் தான் இருக்கும், நானும் இப்போதைக்கு அரை பக்கம் தான் பேசுவேன்.

சுனாமிக்கு 2007-ல இருந்து ஹைதராபாத்ல எச்சரிக்கை மையம் இருக்கு. 2004-ல சுமத்ரா பக்கம் அதிர்ந்தப்ப இங்க காலைல ஆறரை, அலை சென்னைக்கு வர்றதுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருந்துச்சு, சொல்ல தான் ஆளில்ல. இப்போ ஹைதராபாத்துக்கு தெரிஞ்சுடும், பட்டினப்பாக்கத்துல மீன் விக்கிற அக்காவுக்கு எத்தன நிமிஷத்துல தெரியும், எந்த சந்து வழியா உள்ள ஓடணும், அந்த சந்துல பைக் நிறுத்தி அடைச்சிருக்கான்னு ஒத்திகை வெச்சா தான் தெரியும்.

2025-ல சட்டம் மாறிடுச்சாமே?

ஆமா. திருத்தச் சட்டம் வந்திருக்கு. மாநில தலைநகரங்களுக்கும் மாநகராட்சி இருக்கிற நகரங்களுக்கும் தனியா நகர்ப்புற பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்கலாம், மாநகராட்சி கமிஷனர் தலைவர், கலெக்டர் துணைத்தலைவர். சென்னை மாதிரி ஊருக்கு இது நல்லது தான், வடிகால், ரோடு, குப்பை எல்லாம் கமிஷனர் கையில தானே இருக்கு. ஆனா தாம்பரம், ஆவடி தனி மாநகராட்சி, தாம்பரம் பக்கம் முடிச்சூர்ல நிக்கிற தண்ணியும் அடையாத்து தண்ணியும் ஒரே தண்ணி. ஒவ்வொரு மாநகராட்சிக்கும் ஒரு ஆணையம்னு பிரிச்சா பழைய எல்லை பிரச்சனை புது பலகையோட திரும்பி வரும். வடிநிலத்துக்கு ஒரு கமிட்டின்னு மேல ஒண்ணு இல்லாம இது முழுசா வேலை செய்யும்னு எனக்கு தோணல.

மாஸ்டர் பிளான் வேற, இது வேறயா?

காகிதத்துல வேற. சிஎம்டிஏ (சென்னை பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) போட்ட ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல வந்தது, 2026 வரைக்கும். மூணாவது அடுத்த இருபது வருஷத்துக்கு. எந்த சர்வே நம்பர்ல என்ன கட்டலாம்னு அது சொல்லும், கட்டினப்புறம் மூழ்கினா எப்படி காப்பாத்துறதுன்னு பேரிடர் பிளான் சொல்லும். மிக அதிக பாதிப்புன்னு ஒரு ஆபீஸ் குறிச்ச இடத்துல இன்னொரு ஆபீஸ் பதினஞ்சு மாடிக்கு அனுமதி குடுத்தா அப்புறம் எத்தன மோட்டார் வெச்சு இறைக்கிறது? ரெண்டு மேப்பையும் ஒண்ணுமேல ஒண்ணு வெச்சு பாருங்கன்னு கருத்து கேக்குற கூட்டத்துல எழுத்துல குடுங்க.

பிளான எங்க பாக்கலாம், எப்போ கருத்து குடுக்கணும்?

மாவட்ட இணையதளத்துல தேடுங்க, உங்க வார்டு பக்கம் இல்லன்னா ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட்டு வார்டு பட்டியலும் மேப்பும் மட்டும் கேளுங்க, மொத்த பிளானையும் கேட்டா பக்கத்துக்கு ரெண்டு ரூபா கட்டிட்டு தூக்க முடியாம தூக்கிட்டு வரணும்.

நேரம் தான் முக்கியம். அக்டோபர்ல மனு குடுத்து பிரயோஜனம் இல்ல, அப்போ எல்லா மண்டலத்துக்கும் கண்காணிப்பு அதிகாரிங்கள போட்டு மோட்டார் எண்ணிட்டு இருப்பாங்க, யாரும் பிளான திருத்த மாட்டாங்க. ஜனவரில, போன மழையோட போட்டோ சூடா இருக்கும்போதே குடுங்க, பட்ஜெட் போடுறதுக்கு முன்னாடி. ஜூன்ல ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க, ஆகஸ்ட்ல புது பட்டியல்ல உங்க தெரு இருக்கான்னு கேளுங்க. இல்லன்னு சொன்னா ஏன் இல்லன்னு எழுத்துல கேளுங்க.

மழை நேரத்துக்கு நம்பர்: கார்ப்பரேஷன் 1913, மாவட்டம் 1077, மாநிலம் 1070. ஃபிரிட்ஜ் மேல ஒட்டாதீங்க, கரண்ட் போனா கிச்சன் இருட்டா இருக்கும். போன்ல சேவ் பண்ணுங்க, அப்படியே வீட்டுல இருக்கிற பெரியவங்க போன்லயும் போட்டு விடுங்க.